மலிவுக் கணினியின் விசிறியும் வகுப்பறையின் அமைதியும்

கணினியின் மூளையாக விளங்கும் செயலி சிறியதொரு சிலிக்கன் துண்டேயாகும். அதற்கு ஊட்டப்படும் மின்சாரம் கணக்கிடும் வேலைக்குப் பயன்படுகிறது. ஆயினும், வேலை முடிந்தபின் அம்மின்சாரம் அனைத்தும் வெப்பமாகவே எஞ்சி நிற்கிறது. இவ்வெப்பத்தை வெளியேற்றாவிட்டால் செயலி சில நொடிகளிலேயே தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்; நிலைமை மேலும் முற்றினால் யந்திரமே நின்றுவிடும். ஆகவே அதன்மீது அலுமினியச் சிறகுத் தொகுதி ஒன்றும், அச்சிறகுகளினூடே காற்றைச் செலுத்தும் சிறு விசிறி ஒன்றும் பொருத்தப்படுகின்றன. விசிறியின் கடமை எளிது. அக்கடமையை எந்த வேகத்தில் ஆற்றவேண்டும் என்பதே சிந்தனைக்குரியது. பள்ளிகளுக்கும் அலுவலகங்களுக்கும் வாங்கப்படும் விலை குறைந்த கணினிகளில் இக்கேள்வி பெரும்பாலும் எழுப்பப்படுவதே இல்லை. அதன் விளைவு ஓயாத இரைச்சல்.

இது அற்ப விஷயம் எனச் சிலர் கருதலாம். ஒரு வீட்டில் ஒரு கணினி இரைந்தால் அற்பமே. இருபது கணினிகள் ஓர் அறையில் வரிசையாக இரைய, அவற்றினிடையே ஓர் ஆசிரியர் பாடம் சொல்ல முயலும்போது அது கல்வியைப் பாதிக்கும் விஷயமாகிவிடுகிறது.

திருவனந்தபுரத்தின் பொறுப்பு

இப்பிரச்சினையைத் திருவனந்தபுரத்தை முன்னிட்டு ஆராய்வது பொருத்தமானது. பள்ளிக் கல்வியில் கணினியைப் பரந்த அளவில் புகுத்திய முயற்சிகளுள் முக்கியமான ஒன்று இந்நகரைத் தலைமையிடமாகக் கொண்டது. கேரள அரசு 2001-ஆம் ஆண்டில் தொடங்கிய 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டம், 2017-ஆம் ஆண்டில் 'கைட்' என்னும் அரசு நிறுவனமாக உருப்பெற்றது. 2018-ஆம் ஆண்டு ஜனவரியில் தொடங்கிவைக்கப்பட்ட நவீன வகுப்பறைத் திட்டம் 45,000 வகுப்பறைகளைக் கருத்தில் கொண்டது. இப்பள்ளிகளின் கணினிகள் குனூ லினக்ஸ் என்னும் கட்டற்ற மென்பொருளைக் கொண்டு இயங்குகின்றன. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் இந்தியக் கிளை 2001-ஆம் ஆண்டு ஜூலை 20-ஆம் நாள் தொடங்கிவைக்கப்பட்டதும் இதே நகரில்தான்.

பெரிய யந்திரங்களைக் குளிர்விக்கும் கலையும் இந்நகருக்குப் புதிதன்று. தும்பாவிலுள்ள விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தில் 2011-ஆம் ஆண்டில் 'சாகா-220' என்னும் மீத்திறன் கணினி நிறுவப்பட்டது. அதில் 400 ஜியான் செயலிகளும் 400 டெஸ்லா வரைகலைச் செயலிகளும் இருந்தன. அது ஏற்ற மின்திறன் சுமார் 150 கிலோவாட் எனக் கூறப்பட்டது. அத்தனை வெப்பத்தையும் எவ்வழியே வெளியேற்றுவது என்பதை அதன் பொறியாளர்கள் தொடக்கத்திலேயே சிந்தித்திருக்க வேண்டும். அன்றி அத்தகைய யந்திரத்தை இயக்கவே இயலாது. சிறிய கணினி அவ்வாறன்று. அதன் குளிர்விப்பைப் பற்றி எவரும் சிந்திக்காமற் போயினும் அது இயங்கிக்கொண்டுதான் இருக்கும்; இரைந்துகொண்டும் இருக்கும். இதனாலேயே அக்குறை கவனத்துக்கு வருவதில்லை.

விசிறி வந்த வழி

மேசைக் கணினிகளின் தொடக்க காலத்தில் செயலிக்கென விசிறி தேவைப்படவில்லை. 1993-ஆம் ஆண்டில் வெளிவந்த முதற் பென்டியம் செயலி சுமார் 15 வாட் வெப்பத்தை உமிழ்ந்தது. பதினோர் ஆண்டுகளுக்குப் பின், 2004-இல், பென்டியம் 4 வகையைச் சேர்ந்த சில செயலிகள் 115 வாட் வரை உமிழ்ந்தன. சிறு மின்விளக்கைப் போன்றிருந்த பொருள் சலவைப்பெட்டியை நோக்கி வளரத் தொடங்கியது எனலாம். அக்காலத்தேதான் விசிறியின் வேகத்தை நுட்பமாகக் கட்டுப்படுத்தும் நான்கு கம்பி முறையை இன்டெல் நிறுவனம் வகுத்தது. இன்றைய விலை குறைந்த மேசைக் கணினிகளின் செயலிகள் பெரும்பாலும் 60 அல்லது 65 வாட் என வகுக்கப்பட்டவை. அதுவும் முழு வேலையின்போது மட்டுமே. எழுத்துப் படிக்கும்போதும் படம் பார்க்கும்போதும் அவை மிகக் குறைந்த மின்சாரமே ஏற்கின்றன.

மேற்கூறிய நான்கு கம்பிகளில் கறுப்பு தரை இணைப்பு. மஞ்சள் 12 வோல்ட் மின்சாரம். பச்சை, விசிறி ஒருமுறை சுற்றுந்தோறும் இரண்டு துடிப்புகளை அனுப்பி வேகத்தை அறிவிப்பது. நீலம், எவ்வளவு வேகத்தில் சுற்றவேண்டும் என்ற ஆணையைக் கொண்டுசெல்வது. அவ்வாணை விநாடிக்குச் சுமார் 25,000 துடிப்புகளாகச் செல்கிறது. மனிதச் செவி ஏறக்குறைய 20,000 அதிர்வுகளுக்கு மேல் கேட்கமாட்டாது. ஆதலால் அத்துடிப்பே ஓர் ஓசையாகக் கேட்டுவிடக்கூடாது என்பதற்காக இவ்வெண் தேர்ந்தெடுக்கப்பட்டது. ஒவ்வொரு துடிப்பிலும் மின்சாரம் இணைந்திருக்கும் நேரத்தின் விகிதமே விசிறியின் வேகத்தை நிர்ணயிக்கிறது.

பழைய மூன்று கம்பி விசிறியில் ஆணைக் கம்பி இல்லை. மின்னழுத்தத்தைக் குறைத்தே அதன் வேகத்தைக் குறைக்க முடியும். அளவுக்கு மீறிக் குறைத்தால் அது சுழலத் தொடங்காமலே நின்றுவிடும்.

மூன்று விதிகள்

விசிறிகளைப் பற்றிப் பொறியியல் கூறும் விதிகள் மூன்று. காற்றின் அளவு வேகத்துக்கு நேர் விகிதத்தில் மாறும். காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்துக்கேற்ப மாறும். விசிறி ஏற்கும் மின்திறன் வேகத்தின் கனத்துக்கேற்ப மாறும். இவற்றோடு ஒலியைப் பற்றிய ஒரு விதியையும் சேர்த்துக்கொள்ளலாம்: வேகம் பாதியானால் ஒலி சுமார் 15 டெசிபல் குறைகிறது. பத்து டெசிபல் குறைந்தாலே செவிக்கு ஓசை பாதியாகிவிட்டதுபோல் தோன்றும். அதாவது, வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் காற்று ஐந்தில் ஒரு பங்கே குறைகிறது. ஒலியோ ஏறத்தாழ 5 டெசிபல் தாழ்கிறது. குளிர்ச்சியில் இழப்பது சிறிது. அமைதியில் பெறுவது பெரிது.

ஒலிகள் ஒன்றோடொன்று சேர்வதற்கும் ஒரு கணக்கு உண்டு. ஒரே அளவு ஒலி எழுப்பும் 20 யந்திரங்கள் சேர்ந்தால் ஒற்றை யந்திரத்தைவிட 13 டெசிபல் கூடுதலாக ஒலிக்கும். விசிறிகள் ஒவ்வொன்றும் முழு வேகத்தில் 55 சதவீதமாகச் சுழன்றால், மேற்கண்ட விதியின்படி குறைவதும் ஏறக்குறைய 13 டெசிபலே. எனவே அவ்வேகத்தில் ஓடும் இருபது கணினிகள் முழு வேகத்தில் இரையும் ஒரே கணினியின் அளவுக்குத்தான் ஒலிக்கும். கூடம் நிறைந்த யந்திரங்களின் இரைச்சலை ஒற்றை யந்திரத்தின் இரைச்சலாக்கிவிட ஒரு பைசாவும் செலவில்லை. பலகையில் ஓர் எண்ணை மாற்றி எழுதினால் போதும்.

வகுப்பறையில் எவ்வளவு அமைதி வேண்டும் என்பதற்கும் அளவுகோல் இருக்கிறது. உலக சுகாதார ஸ்தாபனம் 1999-ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், பாடம் நடக்கும்போது வகுப்பறையின் பின்னணி ஓசை 35 டெசிபலைத் தாண்டலாகாது என்கின்றன. பேச்சு முழுமையாக விளங்கவேண்டுமாயின் அது பின்னணி ஓசையைவிட 15 டெசிபலாவது உயர்ந்திருக்க வேண்டும் எனவும் அவை கூறுகின்றன. இந்தியாவில் 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், பள்ளியைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலமாக அறிவிக்க வகைசெய்து, அங்கே பகலில் 50 டெசிபல் என வரம்பு விதித்துள்ளன. சாலையிலுள்ள வண்டியின் ஒலிப்பானைத் தடுக்கச் சட்டம் இருக்கிறது. மாணவனின் காதருகே நாள்முழுதும் இரையும் பெட்டியைப் பற்றிக் கொள்முதல் ஆவணத்தில் ஒரு வரியேனும் இருப்பது நன்று.

வெயிலும் பலகையும்

விலை குறைந்த மதர்போர்டுகளிலும் உஷ்ணநிலையை அறிந்து விசிறியை ஆளும் சில்லு ஒன்று உண்டு. 'சூப்பர் ஐ.ஓ.' எனப்படும் அச்சில்லை ஐ.டி.இ., நுவோட்டன் போன்ற தைவான் நிறுவனங்கள் தயாரிக்கின்றன. எந்த உஷ்ணநிலையில் விசிறி எவ்வளவு வேகமாகச் சுழலவேண்டும் என்ற அட்டவணை 'பயாஸ்' என்னும் அடிப்படை நிரலில் எழுதப்பட்டுள்ளது. ஆகவே மலிவுப் பலகையின் குறை, பெரும்பாலும் சில்லின் குறையன்று, அட்டவணையின் குறையே.

திருவனந்தபுரத்தில் உஷ்ணநிலையை முறையாக அளந்து பதிவுசெய்யும் வழக்கம் பழமையானது. சுவாதித் திருநாள் மகாராஜா 1837-ஆம் ஆண்டில் இங்கு வானாய்வுக்கூடம் நிறுவி, ஜான் கால்டெகாட் என்பவரை அதன் பொறுப்பில் அமர்த்தினார். இங்கே மார்ச், ஏப்ரல் மாதங்களில் பகல் உஷ்ணநிலை 33 டிகிரி அளவை எட்டுவது இயல்பு. இரவிலும் பெரிதாகக் குளிர்வதில்லை. இந்நகரின் வெயில் அனைவரும் அறிந்ததே. அதை அறியாதது பலகையிலுள்ள அட்டவணை ஒன்றுதான்.

ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு இதை விளக்கலாம். விசிறி பாதி வேகத்தில் சுழலும்போது, ஒவ்வொரு வாட்டுக்கும் செயலி 0.6 டிகிரி சூடேறுகிறது எனக் கொள்வோம். கணினி சும்மா இருக்கையில் செயலி 10 வாட் ஏற்றால், சூடேற்றம் 6 டிகிரி. அறை 25 டிகிரியாகவும், பெட்டியின் உட்புறம் அதைவிட 5 டிகிரி கூடுதலாகவும் இருந்தால் செயலியின் உஷ்ணநிலை 36. அறை 34 டிகிரியாயின் அது 45. பலகையின் அட்டவணை 40 டிகிரியில் விசிறியை விரைவுபடுத்தத் தொடங்கும் என வைத்துக்கொண்டால், குளிர்ந்த அறையில் அமைதியாக இருக்கும் அதே கணினி இங்கே வேலை ஏதுமின்றியே பகல் முழுவதும் இரையும். இதில் ஆபத்து யாதேனும் உண்டா என்றால், இல்லை. முழு வேலையாக 65 வாட் ஏற்றாலும் சூடேற்றம் 39 டிகிரியே. செயலி 78 டிகிரியில் நிற்கும். பெட்டியின் உட்புறம் இன்னும் சற்றுச் சூடேறினாலும் 85-ஐத் தாண்டாது. மேசைக் கணினிச் செயலிகள் பலவற்றின் வரம்பு 95 அல்லது 100 டிகிரி ஆகும்.

ஆகவே வெப்ப நாட்டுக்குரிய அட்டவணை வேறாக இருக்கவேண்டும். சுமார் 50 டிகிரி வரை விசிறி தன் குறைந்த வேகத்திலேயே சுழலட்டும். அதன்பின் படிப்படியாக உயர்ந்து 80 டிகிரியில் முழு வேகத்தை எட்டட்டும். உயரும் உஷ்ணநிலைக்கும் தாழும் உஷ்ணநிலைக்கும் இடையே மூன்று நான்கு டிகிரி தயக்கம் வைக்கப்பட வேண்டும். இத்தயக்கம் இல்லாத பலகைகளில் விசிறி நிமிடந்தோறும் ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கும். ஒரே சீரான ஓசையைச் செவி பழகிக்கொள்ளும். ஏறி இறங்கும் ஓசையைப் பழகிக்கொள்வது அரிது.

விலை உயர்ந்த பலகைகளில் இவற்றையெல்லாம் உபயோகிப்பவரே திருத்தலாம். மலிவுப் பலகைகள் பலவற்றில் 'இயங்கு', 'இயங்காதே' என்ற இரண்டு சொற்களே காணப்படுகின்றன. அல்லது 'அமைதி', 'சாதாரணம்', 'முழு வேகம்' என்ற மூன்று. பெட்டி விசிறிக்குரிய முனையில் கட்டுப்பாடே இராமலும் போகலாம். பழுது பார்க்கையில் நான்கு கம்பி விசிறிக்குப் பதிலாக மூன்று கம்பி விசிறியை மாட்டிவிட்டால், நீலக் கம்பியின் ஆணை சென்று சேராது. பல பலகைகளில் அவ்விசிறி எந்நேரமும் முழு வேகத்திலேயே சுழலும். பழுது நீங்கிய யந்திரம் முன்னைவிட அதிகமாக இரைவதன் காரணம் பல சமயங்களில் இதுவே.

மென்பொருளின் எல்லை

பயாஸ் இடந்தராவிட்டாலும் மென்பொருளால் விசிறியை ஆளலாம் எனச் சிலர் கூறுவர். லினக்ஸில் 'எல்.எம். சென்சார்ஸ்' என்னும் தொகுப்பும் 'ஃபேன்கன்ட்ரோல்' என்னும் நிரலும் இதற்கென உள்ளன. ஒரே மென்பொருளைப் பள்ளிகள் அனைத்துக்கும் வழங்கும் கேரளத்தில், ஒருமுறை எழுதிய அட்டவணை ஆயிரக்கணக்கான யந்திரங்களுக்குச் சென்று சேரும். இது மற்ற மாநிலங்களுக்கு எளிதில் கிட்டாத சௌகரியம்.

எனினும் தடைகள் இரண்டு உண்டு. சில பலகைகளில் சில்லின் விவரக் குறிப்பு வெளியிடப்படுவதில்லை. எந்த முனை எந்த விசிறிக்கு உரியது, எந்த எண் எந்த உணரிக்கு உரியது என்பதை ஊகித்தே அறியவேண்டியிருக்கிறது. வேறு சில பலகைகளில் பயாஸ் நிரல் அச்சில்லைத் தனக்கே உரியதென அறிவித்துவிடுவதால், லினக்ஸ் அதைத் தொட மறுக்கிறது. கட்டாயப்படுத்தித் தொடச்செய்யலாம்; ஆனால் இருவர் ஒரே சமயத்தில் ஒரு சுக்கானைப் பிடிப்பது போன்றது அது.

மற்றொரு தடை இன்னும் ஆழமானது. இயங்குதளம் எதிர்பாராமல் உறைந்துவிட்டால், விசிறி கடைசியாகப் பெற்ற ஆணையின்படியே சுழன்றுகொண்டிருக்கும். செயலி தன்னைத் தானே காத்துக்கொள்ளும் என்றாலும், பாதுகாப்புக்குரிய வேலையை எப்பொழுதும் விழித்திருக்கும் சில்லிடம் ஒப்படைப்பதே முறை. மென்பொருள் அவசரத்துக்கு உதவும் ஊன்றுகோல்; நிலையான தீர்வு பலகையிலேயே அமையவேண்டும்.

ஆட்சேபங்கள்

விசிறியை மெதுவாக ஓட்டுவதை எதிர்ப்போர் கூறும் காரணங்களும் புறக்கணிக்கத்தக்கவை அல்ல. மலிவுப் பலகைகளில் செயலிக்கு மின்னழுத்தத்தைச் சீர்செய்து தரும் பகுதிக்குத் தனியே சிறகுத் தொகுதி இருப்பதில்லை. செயலியின் விசிறி கீழ்நோக்கி வீசும் காற்றே அதையும் குளிர்விக்கிறது. அங்குள்ள மின்தேக்கிகளின் உஷ்ணநிலை 10 டிகிரி உயர்ந்தால் அவற்றின் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும் என்பது பொறியாளர்கள் நீண்டகாலமாகக் கைக்கொண்டுவரும் கணக்கு. செயலி குளிர்ந்திருக்கிறது என்பதற்காக விசிறியை முற்றிலும் நிறுத்திவிடுவது அப்பகுதிக்குக் கேடு செய்யக்கூடும். இதனாலேயே விசிறிக்கு ஒரு கீழ்வரம்பு வேண்டும். முழு வேகத்தில் 35 முதல் 40 சதவீதம் வரை அவ்வரம்பு இருப்பது தகும்.

தூசியைக் குறித்த ஆட்சேபமும் உண்டு. கடற்காற்றின் ஈரமும் சுண்ணக்கட்டித் தூளும் சேர்ந்து சிறகுகளை அடைத்துவிட்டால் எந்த அட்டவணையும் பயன்படாது. அச்சுத் தேய்ந்து கரகரக்கும் விசிறியை எவ்வேகத்தில் ஓட்டினாலும் அமைதி கிட்டாது. அதை மாற்றுவதே வழி. ஆகவே சுத்தம் செய்வதும், செயலிக்கும் உலோகத்துக்கும் இடையேயுள்ள காய்ந்த பசையைப் புதுப்பிப்பதும் வேகக் கட்டுப்பாட்டுக்கு முந்தைய கடமைகள்.

இனி, மின்சாரச் சிக்கனத்தை இதற்கு ஆதாரமாகக் காட்டுவோர் உளர். அது வலுவான வாதமன்று. இத்தகைய விசிறி ஏற்பது இரண்டு மூன்று வாட் மட்டுமே. சேமிக்கப்படுவது சொற்பம். ஆசிரியரின் குரலும் மாணவரின் கவனமுமே இங்கு சேமிக்கப்படும் பொருள்கள். அமைதியான பள்ளி வேண்டும் என்ற கோரிக்கைக்கு வேறு ஆதாரம் தேவையில்லை.

செய்யத்தக்கவை

பொதுப் பணத்தில் கணினி வாங்கும் நிறுவனங்கள் தம் கொள்முதல் நிபந்தனைகளில் சில வரிகளைச் சேர்த்தால் போதும். செயலி விசிறிக்கும் குறைந்தது ஒரு பெட்டி விசிறிக்கும் நான்கு முனை இணைப்பு இருக்கவேண்டும். விரைவு தொடங்கும் உஷ்ணநிலை, குறைந்த வேகம், முழு வேக உஷ்ணநிலை, தயக்க இடைவெளி ஆகிய நான்கையும் பயாஸில் திருத்த இடமிருக்க வேண்டும். பலகையிலுள்ள சில்லின் பெயரும், அதன் முனைகளின் விவரமும் வாங்குவோருக்கு எழுத்து மூலம் தரப்பட வேண்டும். கணினியின் ஒலியை அளப்பதற்கு ஐ.எஸ்.ஓ. 7779, அதை அறிவிப்பதற்கு ஐ.எஸ்.ஓ. 9296 என்ற சர்வதேசத் தரங்கள் உள்ளன. அவற்றின்படி ஒலி அளவு அறிவிக்கப்படுவதோடு, 35 டிகிரி அறையில் கணினி சும்மா இருக்கையில் எவ்வளவு ஒலிக்கிறது என்பதும் கேட்டுப் பெறப்பட வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனை ஒன்றே, குளிர்நாட்டு அட்டவணைகளைத் தயாரிப்பாளர்கள் தாமாகவே திருத்தும்படி செய்துவிடும்.

ஏற்கெனவே வாங்கப்பட்ட யந்திரங்களுக்கு ஏப்ரல், மே விடுமுறை ஏற்ற காலம். ஜூனில் பள்ளி திறக்குமுன் தூசி நீக்கி, பசை மாற்றி, மூன்று கம்பி விசிறிகளை நான்கு கம்பி விசிறிகளாக்கி, அட்டவணையைத் திருத்திவிடலாம். இவ்வேலையை மாணவர்களே ஆசிரியரின் மேற்பார்வையில் செய்யின், வெப்பத்தையும் ஒலியையும் பற்றிய பாடம் நூலிலிருந்து மேசைக்கு வந்துவிடும்.

இன்னொரு வாய்ப்பும் இந்நகரிலேயே இருக்கிறது. திருவனந்தபுரம் சி-டாக் நிறுவனம் 'வேகா' என்னும் உள்நாட்டுச் செயலி வரிசையை வடிவமைத்துள்ளது. அவ்வரிசையைக் கொண்ட 'தேஜஸ்-32' என்னும் சில்லு 100 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் இயங்குவது. 'ஏரீஸ்' என்னும் பயிற்சிப் பலகைகளில் கிடைப்பது. விசிறிக்கு வேண்டிய துடிப்புகளை உண்டாக்கும் முனைகளும் அதில் உள்ளன. உஷ்ணநிலையை உணர்ந்து, வேகத்தை எண்ணி, நீலக் கம்பிக்கு ஆணை அனுப்பும் சிறு சாதனத்தை அமைக்க அது தாராளமாகப் போதும். கட்டுப்பாடே இல்லாத பழைய பலகைகளுக்கு அத்தகைய சாதனம் மறுவாழ்வு அளிக்கும். பயன்படக்கூடிய யந்திரம் இரைச்சலின் பொருட்டுக் குப்பைக்குப் போவதும் தவிரும். பொறியியற் கல்லூரிகள் இதைத் தம் மாணவர்களுக்குரிய பயிற்சியாக ஏற்பது நலம்.

மலிவான பொருளை வாங்குவது வறுமையின் காரணமாக நேர்வது, அதில் இழுக்கில்லை. மலிவான பொருள் எவ்வாறு அமையவேண்டும் எனக் கேளாமல் வாங்குவது அறியாமையின் காரணமாக நேர்வது. வகுப்பறைக்கு வேண்டிய அமைதியைத் தரவல்ல சில்லு ஏற்கெனவே பலகையில் அமர்ந்திருக்கிறது. அதற்கு உரிய ஆணையை எழுதித் தருமாறு தயாரிப்பாளரைக் கேட்கும் உரிமை வாங்குவோருக்கு உண்டு. அடுத்த ஒப்பந்தப்புள்ளி கோரப்படும்போதே அவ்வுரிமையைப் பயன்படுத்தத் தொடங்கலாம்.